தாண்டல் மூலகங்களும் அவற்றின் சிக்கற்சேர்வைகளும்

கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடத்திற் பயின்ற எவரும், பின்னர் மருத்துவரானாலும் வழக்கறிஞரானாலும் வாணிகத்துறை புகுந்தாலும், ஒரு பரிசோதனையை மறந்திருக்கமாட்டார். இளநீலச் செம்புச் சல்பேற்றுக் கரைசலிற் சில துளி அமோனியா விட்டோம். வெளிர்நீல வீழ்படிவு தோன்றியது. மேலும் விட்டோம், வீழ்படிவு கரைந்து, மயிற்கழுத்தையொத்த கருநீலம் பரிசோதனைக் குழாய் முழுவதும் பரந்தது. "செம்பு அயன் உண்டு" எனக் குறிப்பேட்டில் எழுதி, ஆசிரியரின் ஒப்பம் பெற்று, அடுத்த உப்பை ஆராயச் சென்றோம். அந்நீலம் எங்கிருந்து வந்தது என வினவியவர் எம்முட் சிலரே.

அவ்வினாவிற்கு விடை காண அறிவுலகிற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது. அவ்விடை கிடைத்த வரலாறு, விடையைக்காட்டிலும் படிப்பினை மிக்கது. ஆதலின் இவ்விரண்டையும் இக்கட்டுரையிற் சுருங்கக் கூற முயல்வோம்.

தாண்டல் மூலகங்கள் எவை?

ஆவர்த்தன அட்டவணையின் இடப்புறத்திலே சோடியம், கல்சியம் முதலிய தீவிர உலோகங்கள் உள்ளன. வலப்புறத்திலே ஒட்சிசன், குளோரின் முதலிய அல்லுலோகங்கள் உள்ளன. இவற்றிற்கு இடையே பாலம்போல் அமைந்தவை தைத்தேனியம், வனேடியம், குரோமியம், மங்கனீசு, இரும்பு, கோபாற்று, நிக்கல், செம்பு ஆகியனவும், இவற்றின்கீழ் வரும் வெள்ளி, பிளாற்றினம், பொன் முதலியனவுமாம். ஒருபுறமிருந்து மறுபுறம் செல்வோர் தாண்டிச் செல்லும் இடத்தில் இருத்தலின் இவை தாண்டல் மூலகங்கள் எனப்பட்டன.

இவற்றின் அணுக்களில் வெளியோட்டிற்கு உட்புறமாக, 'டி' என்னும் உபசக்தி மட்டம் ஒன்று சிறிது சிறிதாக நிரம்பி வருகின்றது. அதில் ஐந்து ஒபிற்றல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் இரண்டு இலத்திரன்களை ஏற்கும். ஆகப் பத்து இலத்திரன்களுக்கு அங்கு இடமுண்டு. அம்மட்டம் முற்றாக நிரம்பாத அயன் ஒன்றையேனும் தரும் மூலகத்தையே நாம் தாண்டல் மூலகம் என வரையறுக்கிறோம். நாகத்தின் அயனில் அப்பத்து இடங்களும் நிரம்பியுள்ளன. ஆகவே இவ்வரையறையின்படி நாகம் தாண்டல் மூலகமன்று.

மூன்று இயல்புகள் இவ்வினத்தை ஏனையவற்றிலிருந்து பிரிக்கின்றன. முதலாவது, ஒரே மூலகம் பல ஒட்சியேற்ற எண்களைக் காட்டும். மங்கனீசு 2 முதல் 7 வரை அவற்றைக் காட்டுகின்றது. இரண்டாவது, சேர்வைகள் பெரும்பாலும் நிறமுடையன. மூன்றாவது, இவற்றின் அயன்கள் நீர், அமோனியா, குளோரைட்டு, சயனைட்டு முதலியவற்றைத் தம்மைச் சூழ நிறுத்திச் சிக்கற்சேர்வைகளை ஆக்கும். நடுவிலுள்ள உலோகத்தைச் சூழ்ந்து பிணைந்து நிற்பனவற்றை இணையிகள் என்போம். பிந்திய இரு இயல்புகளும் நெருங்கிய உறவுடையன என்பதைப் பின்னர்க் காண்போம்.

கோபாற்று விடுத்த விடுகதை

பத்தொன்பதாம் நூற்றாண்டு இரசாயனவியலாரைப் பெரிதும் மயக்கியது கோபாற்றேயாகும். கோபாற்றிக்குக் குளோரைட்டிலே ஒரு கோபாற்று அணுவுக்கு மூன்று குளோரின் அணுக்கள் உள்ளன. கோபாற்றின் வலுவளவு மூன்று. குளோரினின் வலுவளவு ஒன்று. கணக்குச் சரியாகிவிட்டது. அமோனியாவும் தன்னளவில் நிறைவுற்ற மூலக்கூறேயாகும். இவ்வாறிருக்க, நிறைவுற்ற இரண்டும் மேலும் இணைந்து, எளிதிற் சிதையாத புதிய சேர்வைகளை ஆக்கின. அவற்றின் விவரம் வருமாறு:

ஆறு அமோனியா உடையது: செம்மஞ்சள் நிறம்.
ஐந்து அமோனியா உடையது: செவ்வூதா நிறம்.
நான்கு அமோனியா உடையது: பச்சை நிறம்.

குளோரைட்டு அயனுள்ள கரைசலில் வெள்ளி நைத்திரேற்றை விட்டால் வெண்ணிற வெள்ளிக் குளோரைட்டு வீழ்படியும் என்பதை மாணவர் அறிவர். மேற்கூறிய மூன்று சேர்வைகளிலும் குளோரின் அணுக்கள் மும்மூன்றே உள்ளன. எனினும் குளிர்ந்த கரைசலில் வெள்ளி நைத்திரேற்றைச் சேர்த்தபோது, முதலாவதில் மூன்று குளோரின்களும் உடனே வீழ்படிந்தன. இரண்டாவதில் இரண்டே வீழ்படிந்தன. மூன்றாவதில் ஒன்றே வீழ்படிந்தது. எஞ்சியவை அங்கே இருந்தும் இல்லாதன போல ஒளித்திருந்தன. ஒரே மூலகத்தின் அணுக்கள் ஒரே சேர்வையினுள் இருவகையாக நடந்துகொள்வது ஏன்? இதுவே அவ்விடுகதை.

இரு விடைகள்

சுவீடன் தேசத்துப் புளொம்ஸ்திராண்ட் என்பார் 1869இல் ஒரு விடை கூறினார். காபன் அணுக்கள் சங்கிலியாய்த் தொடுப்பதுபோல அமோனியா மூலக்கூறுகளும் சங்கிலியாய்த் தொடுத்து உலோகத்திலிருந்து நீளுகின்றன என்பது அவர் கொள்கை. கொப்பன்ஹேகன் நகரத்துப் பேராசிரியர் யோர்கென்சன் இதனைத் திருத்தி வளர்த்தார். சங்கிலியின் நுனியிலுள்ள குளோரின் எளிதிற் கழன்று வீழ்படியும். உலோகத்தோடு நேரே பிணைந்த குளோரின் கழலாது என்றார். மேற்கண்ட மூன்று எண்களையும் இக்கொள்கை செவ்வனே விளக்கியது. யோர்கென்சன் வெறுங் கற்பனையாளரல்லர்; இச்சேர்வைகளுட் பலவற்றை முதன்முதலிற் றூய்மையாக ஆக்கிப் பகுத்தாய்ந்த பெருமை அவருடையது.

மற்றைய விடை 1893இல் வந்தது. அதனைக் கூறியவர் அல்சேசு மாகாணத்து மூலூசு நகரில் 1866இற் பிறந்த அல்பிரெட் வேர்ணர். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. இச்சேர்வைகளை அவர் தம் கையால் அதிகம் ஆக்கியவருமல்லர். பிறருடைய, சிறப்பாக யோர்கென்சனுடைய, ஆய்வுகளைக் கற்றே சிந்தித்தார். ஓர் உலோகத்திற்கு இருவகை வலுவளவுகள் உண்டு என்றார் வேர்ணர். முதலாவது, ஏற்றத்தைச் சமன்செய்யும் வலுவளவு. இதனை இன்று ஒட்சியேற்ற எண் என்கிறோம். இரண்டாவது, உலோகத்தைச் சூழ எத்தனை இணையிகள் நிற்கலாம் என்பதைக் கூறும் வலுவளவு. இதனை இணைப்பெண் என்கிறோம். கோபாற்றிற்கு முதலாவது மூன்று, இரண்டாவது ஆறு.

எனவே ஆறு அமோனியா உள்ள சேர்வையில் ஆறு இடங்களையும் அமோனியாவே நிரப்ப, மூன்று குளோரைட்டுகளும் வெளியே தனி அயன்களாய் நிற்கும். ஓர் அமோனியா நீங்கினால் அவ்விடத்திற்கு ஒரு குளோரைட்டு உட்புகும். வெளியே இரண்டே எஞ்சும். இரண்டு நீங்கினால் வெளியே எஞ்சுவது ஒன்று. எண்கள் இவ்விடையோடும் பொருந்தின.

ஒரே உண்மைகளை இரு கொள்கைகளும் விளக்குமாயின் எது மெய்யென எவ்வாறு துணிவது? இரண்டும் மாறுபட்ட முடிபு கூறும் இடத்தைத் தேடிச் சென்று அங்கே சோதித்தல் வேண்டும். மூன்று அமோனியா மட்டும் உள்ள சேர்வை அத்தகைய இடமாக அமைந்தது. சங்கிலிக் கொள்கையின்படி அங்கே சங்கிலி ஒரு கணு குறையுமேயன்றி, நுனிக் குளோரின் அப்படியே இருக்கும். ஆகவே ஓர் அயன் கிடைக்கவேண்டும். வேர்ணரின் கொள்கைப்படி மூன்று குளோரின்களும் உள்ளே புகுந்துவிட்டமையால் அயன் எதுவும் கிடைத்தலாகாது. கரைசல் மின்னைக் கடத்தலாகாது. வேர்ணரும் அவர் நண்பர் மியோலாற்றியும் இத்தகைய சேர்வைகளின் கடத்துதிறனை அளந்தனர். அமோனியா குறையக் குறையக் கடத்துதிறனும் படிப்படியாகக் குறைந்து, மூன்று அமோனியா உள்ள நிலையில் ஏறக்குறைய அற்றுப்போயிற்று.

எண்ணிலிருந்து வடிவிற்கு

வேர்ணர் இத்துடன் அமையவில்லை. ஆறு இணையிகள் வெளியில் எவ்வாறு நிற்கின்றன எனவும் வினவினார். அவை ஒரே தளத்தில் அறுகோணமாய் நிற்கலாம். முக்கோண அரியத்தின் ஆறு மூலைகளில் நிற்கலாம். அல்லது எண்முகியின் ஆறு மூலைகளில், அதாவது மேல், கீழ், முன், பின், இடம், வலம் என நிற்கலாம். நான்கு அமோனியாவும் இரண்டு குளோரைட்டும் உள்ள அயனை எடுத்துக்கொள்வோம். அறுகோணமாயின் அவற்றை மூன்று வகையாய் அடுக்கலாம். அரியமாயினும் மூன்று வகையே. எண்முகியாயின் இரண்டே வகைகள் உள: இரு குளோரைட்டுகளும் அடுத்தடுத்து நிற்றல் ஒன்று, எதிரெதிரே நிற்றல் மற்றொன்று. மாணவர் ஓர் உருளைக்கிழங்கில் ஆறு குச்சிகளைக் குத்தி இதனைத் தாமே கண்டு தெளியலாம்.

ஆயின் அப்போது அறியப்பட்டிருந்தது பச்சைநிறச் சேர்வை ஒன்றே. "மற்றையது எங்கே?" என யோர்கென்சன் கேட்டார். கேள்வி நியாயமானதே. பல ஆண்டுகள் முயன்று, 1907இல் அந்த ஊதாநிறச் சேர்வையை வேர்ணர் ஆக்கிக் காட்டினார். அதன்பின் யோர்கென்சன் தமது எதிர்ப்பை விடுத்தார். தாம் வாழ்நாளெல்லாம் பேணிய கொள்கை பிழையெனச் சான்று கிடைத்தவிடத்து அதனை விட்டொழிப்பது எளிய செயலன்று. அவரது தூய பரிசோதனைகளும் விடாத மறுப்புக்களும் இல்லையேல் வேர்ணரின் கொள்கை இத்துணை உறுதி பெற்றிராது.

எனினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. இரண்டு வகையே கிடைத்தன என்பதனால் மூன்றாவது வகை இல்லை என முடிபுகட்டலாமா? காணாமை இன்மைக்குச் சான்றாகாதன்றோ? வேர்ணர் இதனையும் உணர்ந்திருந்தார். எண்முகி வடிவம் மெய்யாயின், எதிலீன் ஈரமீன் என்னும் இருகை இணையிகள் இரண்டைக் கொண்ட சில சேர்வைகள், வலக்கையும் இடக்கையும் போல, ஒன்றன்மேலொன்று பொருந்தாத ஆடிவிம்பங்களாய் இருத்தல் வேண்டும். அவை தளமுனைவுற்ற ஒளியை ஒன்று வலமாகவும் மற்றையது இடமாகவும் திருப்பும். 1911இல் வேர்ணரும் அவர் மாணாக்கர் விக்டர் கிங் என்பவரும் அவ்விரண்டையும் வேறுபிரித்தனர். அப்போதும் சிலர், ஒளியைத் திருப்பியது இணையியிலுள்ள காபனே என்றனர். 1914இல், காபன் அணு ஒன்றேனுமில்லாத, நான்கு கோபாற்று அணுக்களைக் கொண்ட சேர்வையொன்றையும் வேர்ணர் அவ்வாறே பிரித்துக்காட்டினார். அவ்வையமும் அகன்றது. இதற்கு முந்திய ஆண்டாகிய 1913இல் நோபெல் பரிசு அவரை வந்தடைந்தது. 1919இல், ஐம்பத்து மூன்று வயது நிரம்புமுன்னரே, அவர் காலமானார்.

நிறத்தின் காரணம்

வேர்ணர் வடிவத்தைக் கூறினார். பிணைப்பின் தன்மையைக் கூற அவர் காலத்தில் இலத்திரனைப்பற்றிய அறிவு போதாதிருந்தது. இணையி தன்னிடமுள்ள தனித்த இலத்திரன் சோடியை உலோகத்திற்கு ஈந்து பிணைகின்றது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அமோனியாவின் நைதரசனிலும் நீரின் ஒட்சிசனிலும் அத்தகைய சோடிகள் உள்ளன.

இனி, நாம் தொடங்கிய வினாவிற்கு வருவோம். தனித்த அயனொன்றில் 'டி' ஒபிற்றல்கள் ஐந்தும் சம சக்தியுடையன. ஆறு இணையிகள் ஆறு திசைகளிலிருந்தும் நெருங்கும்போது அச்சமநிலை குலைகின்றது. இணையிகளை நேரே நோக்கி நிற்கும் இரண்டு ஒபிற்றல்களின் சக்தி உயர்கின்றது. இடைவெளிகளை நோக்கி நிற்கும் மூன்றின் சக்தி தாழ்கின்றது. 1929இல் பெதே என்பார் பளிங்குகளைப்பற்றி வகுத்த இக்கொள்கை பளிங்குப்புலக் கொள்கை எனப்படும். தாழ்ந்த மட்டத்திலுள்ள இலத்திரன் ஒளியை உறிஞ்சி உயர்ந்த மட்டத்திற்குத் தாவுகின்றது. வெண்ணொளியில் எந்நிறம் உறிஞ்சப்பட்டதோ அது போக எஞ்சியதே எமது கண்ணை வந்தடைகின்றது.

ஒரே ஒரு 'டி' இலத்திரனை உடைய மும்மை ஏற்றத் தைத்தேனிய அயன் இதற்குத் தக்க உதாரணம். நீர்க்கரைசலில் அது ஏறக்குறைய 500 நனோமீற்றர் அலைநீளமுள்ள பச்சையொளியை உறிஞ்சுகின்றது. சிவப்பும் நீலமும் எஞ்சுதலின் கரைசல் ஊதாவாய்த் தோன்றுகின்றது.

செம்பின் கதையும் இதுவே. செம்பயனை நீர் சூழ்ந்திருக்கும்போது இரு மட்டங்களுக்கும் இடையேயுள்ள சக்தி வேறுபாடு சிறிது. ஆதலின் சக்தி குறைந்த செவ்வொளிப் பக்கமே உறிஞ்சப்பட, இளநீலம் தோன்றுகின்றது. அமோனியா நீரினும் வலிய இணையி. அது நீரை அகற்றி அவ்விடத்தைக் கொண்டதும் வேறுபாடு பெரிதாகின்றது, உறிஞ்சல் செம்மஞ்சட் பகுதிக்கு நகர்ந்து மிகுதியும் அடைகின்றது, கருநீலம் பிறக்கின்றது. நாகக் கரைசலும் இவ்வாறே வெண்ணிற வீழ்படிவைத் தந்து, மிகையான அமோனியாவிற் கரையும். ஆயின் நிறம் பெறாது. அங்கும் சிக்கலயன் உண்டு. தாவுவதற்கு வெற்றிடமுள்ள 'டி' ஒபிற்றலே இல்லை.

ஈழநாட்டு மண்ணிலும் இதற்குச் சான்றுகள் உள. நிறமற்ற அலுமினியம் ஒட்சைட்டிற் சிறிதளவு குரோமியம் கலந்தால் அது மாணிக்கமாகிச் சிவக்கின்றது. அதே குரோமிய அயன் மரகதக் கல்லினுள் ஆறு ஒட்சிசன்களாற் சூழப்பட்டிருப்பினும், அங்கே புலம் சற்று மெலிந்திருத்தலிற் பச்சையைத் தருகின்றது. இரத்தினபுரிப் பகுதியிற் கிடைக்கும் நீலக்கல்லின் நிறம் வேறொரு வகையிற் பிறப்பது. அங்கு இலத்திரன் இரும்பு அயனிலிருந்து தைத்தேனிய அயனுக்குத் தாவுகின்றது. அத்தைத்தேனியமே புல்மோட்டைக் கடற்கரைக் கருமணலில் இல்மனைற்று என்னும் கனியமாய் நிரம்பிக் கிடக்கின்றது. எனவே நிறமெல்லாம் ஒரே காரணத்தால் வந்ததென மாணவர் கொள்ளலாகாது. பொற்றாசியம் பெர்மங்கனேற்றில் மங்கனீசுக்கு 'டி' இலத்திரன் ஒன்றேனும் இல்லை. அதன் ஆழ்ந்த ஊதாநிறம் ஒட்சிசனிலிருந்து மங்கனீசை நோக்கி இலத்திரன் தாவுதலால் வருவது.

உயிரும் மருந்தும்

நிறமும் வடிவும் ஆய்வுகூடத்துள் அடங்கும் விடயங்களென எண்ணற்க. எமது குருதியிலுள்ள ஈமோகுளோபினின் நடுவே இருப்பது இரும்பின் சிக்கலேயாகும். அங்கு இரும்பைச் சுற்றி ஒரே தளத்தில் நான்கு நைதரசன்கள் உள்ளன. ஐந்தாவது நைதரசன் புரதத்திலிருந்து வருகின்றது. ஆறாவது இடம் ஒட்சிசனுக்காகத் திறந்திருக்கின்றது. நுரையீரலில் ஒட்சிசன் அவ்விடத்தில் அமர்ந்து, இழையங்களிற் கழன்றுகொள்கின்றது. அவ்வாறு அமர்ந்தும் கழன்றும் வருதலே எமது உயிர். காபனோரொட்சைட்டு அதே இடத்தை ஒட்சிசனைக்காட்டிலும் ஏறக்குறைய இருநூறு மடங்கு வலிமையோடு பற்றுகின்றது. காற்றோட்டமற்ற அறையிற் கரியடுப்பு மூட்டி உறங்குவோர் இறந்துபடுதற்குக் காரணம் இதுவேயாம்.

வடிவின் முதன்மையைப் பிளாற்றினம் இன்னும் தெளிவாக உணர்த்துகின்றது. இரண்டு அமோனியாவும் இரண்டு குளோரைட்டும் ஒரே தளத்திற் சூழ்ந்த பிளாற்றினச் சேர்வைகள் இரண்டு உள்ளன. ஒன்றிற் குளோரைட்டுகள் அடுத்தடுத்தும், மற்றையதில் எதிரெதிரேயும் நிற்கும். அடுத்தடுத்து நிற்பதை 1844இல் பெய்ரோன் என்பார் ஆக்கினார். அதன் தளச்சதுர வடிவை 1893இல் வேர்ணர் உய்த்துணர்ந்தார். அதன்பின் நெடுங்காலம் அது நூல்களில் ஓர் உதாரணமாகவே கிடந்தது. 1965இல் அமெரிக்காவில் ரோசன்பேக்கு என்பார் பற்றீரியாக்களின் வளர்ச்சியில் மின்புலத்தின் விளைவை ஆராய்கையில், கலங்கள் பிரியாது நின்றமையைக் கண்டார். காரணம் மின்புலமன்று, பிளாற்றின மின்வாயிலிருந்து கரைந்து உண்டான இத்தகைய சேர்வையே எனத் தெரியவந்தது. 1978இல் அமெரிக்காவில் அது புற்றுநோய் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. அதன் வருகையின்பின் விதைப்புற்று, பரவிய நிலையிலும் பெரும்பாலாரிற் குணமாக்கத்தக்க நோயாயிற்று.

அடுத்தடுத்து நிற்கும் இரு குளோரைட்டுகளும் நீங்கியதும், பிளாற்றினம் கலத்தின் பரம்பரைப் பொருளில் அருகருகேயுள்ள இரு நைதரசன்களைப் பற்றிக்கொள்கின்றது. கலம் மேலும் பிரியமுடிவதில்லை. எதிரெதிரே நிற்கும் சேர்வையால் அவ்வாறு பற்றமுடியாது, அது மருந்தாவதில்லை. அணுக்கள் அவையே, எண்ணிக்கையும் அதுவே, நிற்கும் இடம் மட்டுமே வேறு. அவ்வேறுபாடு ஒரு மனிதனின் வாழ்வுக்கும் சாவுக்குமிடையே நிற்கின்றது.

முடிவுரை

1893இல் வேர்ணர் இக்கொள்கையை வெளியிட்டபோது, அதனால் நோயாளி ஒருவன் பிழைப்பான் என எவரும் எண்ணியிருக்கமாட்டார். வீழ்படிந்த குளோரைட்டு இரண்டா மூன்றா என எண்ணியவர்கள் உண்மையை அறியும் ஆவலொன்றினாலேயே எண்ணினர். பயன் பின்னர், தான் வேண்டிய காலத்தில் வந்தது. இளைஞர்க்கு நாம் கூற விரும்புவதும் இதுவே. கையிலுள்ள குழாயில் நிறம் மாறும்போது குறிப்பேட்டை மூடிவிடாது, ஏன் மாறிற்று எனக் கேளுங்கள். நுமது விடையை மறுப்பவர் கிடைப்பின் அவரைப் பகைவரென எண்ணாது, அவர் காட்டும் குறையைப் பரிசோதனையால் நிரப்புங்கள். நுமது விடையே பிழையெனக் காணின் யோர்கென்சனைப்போல அதனை விட்டுவிடுங்கள்.

பழைய மாணவராகிய எமக்கும் இதிற் பங்குண்டு. செம்புச் சல்பேற்றின் கருநீலத்தை அன்று காரணம் வினவாது கடந்து சென்றோம். எம் பிள்ளைகள் இன்று அவ்வினாவைக் கொண்டு வீட்டிற்கு வருவாராயின், பரீட்சைக்கு அது வேண்டியதில்லை எனக் கூறி அனுப்பாதிருப்போமாக. இவ்விழா ஆண்டில் எமது கல்லூரிக்கு நாம் செலுத்தும் கடன்களுள் அதுவும் ஒன்றாகுக.